ஆழம் எழுதாத பத்திரம்

மண் என்றால் மண்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுரீரென்று கோபம் வருகிறது. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றாமல் வரப்பில் நின்று பூமி பார்க்கிறவர்கள். மீதிப் பேர் பள்ளிக்கூடத்தில் ‘ஆற்றுச் சமவெளி வளம் மிக்கது’ என்ற ஒற்றை வரியை மனப்பாடம் செய்து ஒரு மார்க் வாங்கியவர்கள். சமவெளி என்றால் கேரம் பலகை மாதிரி ஒரே மட்டமாக, ஒரே மண்ணாக இருக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. என் அண்ணன் இந்த இரண்டு கூட்டத்திலும் சேர்த்தி.

எங்கள் பூமி கொமரலிங்கத்துக்குக் கொஞ்சம் கீழே, அமராவதிக் கரையில் இருக்கிறது. தார் ரோட்டில் ஆரம்பித்து ஆற்றில் போய் முடியும். மொத்தம் மூன்றரை ஏக்கர், அகலம் குறைவு, நீளம் அதிகம். ரோட்டிலிருந்து ஆற்றுக்கு நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் மூன்று மண்ணை மிதித்துவிடலாம்.

ரோட்டோரம் செவ்வல், சரளைக்கல் கலந்தது. ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வந்து கடப்பாரையைத் திருப்பி அனுப்பும். எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் மத்தியானம் கேட்டால் மழையா, எப்போது என்று கேட்கும் மண் அது. சோளமும் கொள்ளும் வரும், அதுவும் அதற்கு மனசு இருந்தால். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் கருமண். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் மிதித்த காலை விடாது. உழுவதற்குப் பக்குவமாக இருப்பது இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு நாள்தான். அந்த நாளில் டிராக்டர் கிடைக்கவில்லை என்றால் அந்த விதைப்புப் பட்டமே போச்சு.

அதற்கும் கீழே, வாய்க்காலைத் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் படுகை. முழுக்க வண்டல். தேடினாலும் ஒரு கல் கிடைக்காது. மம்பட்டி போட்டால் சத்தம் வராது. ஈரமாக இருக்கும்போது பிடித்தால் உருண்டையாக நிற்கும், லேசாக அழுத்தினால் உதிர்ந்துவிடும். ஆனைமலையிலிருந்து ஆறு எத்தனையோ காலமாக இழுத்து வந்து, ஒவ்வொரு வெள்ளமும் வடியும்போது ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று இறக்கி வைத்துவிட்டுப் போன மண். அதன் கனம் ஏறக்குறைய என் தோள் உயரம். அதற்குக் கீழே கொரகொரப்பான மணல், அதற்கும் கீழே கூழாங்கல். பக்கத்துப் பூமிக்காரர் படுகையில் கிணறு எடுத்தபோது மண் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் எனக்குத் தெரியும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணன் பாலிடெக்னிக்குக்குப் போனார், நான் களையெடுக்கப் போனேன். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது, எனக்கு இது கிடைத்தது.

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, இப்போது துணி வந்து இறங்கும் இடத்தில் தரம் பார்க்கிறேன். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்யும் வேலை. முழங்கால் இரண்டும் ராஜினாமா கடிதம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. அப்பா காலமான பிறகு என் மனசில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. பாகத்தில் எனக்கு அந்தப் படுகை வேண்டும். இன்னும் இரண்டு வருடத்தில் கம்பெனியை விட்டுவிட்டு அங்கே மஞ்சள் போட வேண்டும், மஞ்சளுக்கு நடுவே சின்ன வெங்காயம். கடைசிக் காலம் அந்த மண்ணில் கழிய வேண்டும். இதைத் தவிர நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

எங்கள் பக்கம் ஆற்றோரப் பூமியைப் பிரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குறுக்கே வெட்ட மாட்டார்கள். ரோட்டிலிருந்து ஆறு வரைக்கும் நீளவாக்கில் கயிறு பிடித்து ஆளுக்கு ஒரு பட்டையாகப் பிரிப்பார்கள். பட்டை ஒல்லியாக இருக்கும், டிராக்டர் திரும்பச் சிரமப்படும். ஆனால் எல்லோருக்கும் செவ்வலும் கிடைக்கும், கருமண்ணும் கிடைக்கும், படுகையும் கிடைக்கும். மழை ஏமாற்றிய வருடம் படுகை சோறு போடும், ஆறு பெருக்கெடுத்த வருடம் மேட்டுக்காடு கஞ்சியாவது ஊற்றும். ஒருத்தர் தலையில் மட்டும் கஷ்டம் விழாது. இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒருத்தர் மட்டத்தை மாற்றினால் அடுத்தவருக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் யாரும் மண்ணில் கை வைக்க மாட்டார்கள். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பாவுக்கு வருடத் திதி கொடுத்த அன்று, இலையில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் பேச்சை எடுத்தார்.

“நீளத்துல பிரிச்சா ரோட்டு முகப்பு ஆளுக்குத் துண்டு துண்டாப் போயிருமம்மணி. இந்தக் காலத்துக்கு அது செரி வராது. குறுக்க பிரிச்சுக்கலாம். மேல ஒண்ணே முக்கா, கீழ ஒண்ணே முக்கா. உனக்கு எது வேணும்னு நீயே சொல்லு.”

எனக்கு அந்த நிமிடம் காதில் தேன் பாய்ந்தது. நீளவாக்கில் பிரித்திருந்தால் படுகையில் பாதிதான் எனக்கு. இவராகவே வந்து முழுப் படுகையையும் தூக்கிக் கொடுக்கிறார். சரளைக்கல்லை நம்பி வண்டலை விடுகிறார்.

“எனக்கு ஆத்துப் பக்கம் போதுங்கண்ணா” என்றேன்.

“நெசமாத்தான் சொல்றியா? அப்பறம் ரோட்டுப் பக்கம் நானே வெச்சுட்டன்னு ஒறம்பரை சனத்துக்குள்ள சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டனுங்க.”

அன்று பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தேன். அண்ணன் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்தார். நான் அவரை முட்டாள் என்று நினைத்தேன். ஆசைப்பட்டது நான்தான், அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன முறையை விட்டுக்கொடுக்க எனக்கு ஒரு டம்ளர் பாயச நேரம்கூடத் தேவைப்படவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர் சிடுசிடுவென்று இருந்தார். அவர் துணியை அழுத்திச் சமன் செய்யும் காம்பேக்டிங் மிஷின் ஓட்டுகிறவர், மண்ணைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. ரோட்டைப் பற்றித்தான் உண்டு. “ரோட்டோரத்தை உட்டுப்போட்டு வந்திருக்கறயே, ஒரு பொட்டிக்கடை வெக்கவாவது ஆகுமல்லோ” என்றார். நான் உடுமலையிலிருந்து பல்லடம் வரைக்கும் அவருக்கு வண்டல் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் பாதி வழியில், குடிமங்கலத்திலேயே தூங்கிவிட்டார்.

பேச்சு முடிந்ததே தவிர பத்திரம் ஆகவில்லை. வாரிசுச் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்தினால் பட்டாவில் அப்பாவின் இனிஷியல் தப்பு. ஒன்றைச் சரி செய்ய மாதக்கணக்கில் ஆனது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஷிப்மென்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவு வீட்டுக்குக்கூட அரை நாள்தான் லீவு. எட்டு மாதம் நான் ஊர்ப் பக்கம் போகவில்லை. வாரம் ஒரு தடவை போனில் மட்டும் கேட்பேன்.

“படுகை எப்படிங்கண்ணா இருக்குது?”

“அது எங்க போகப் போகுது, அங்கயேதான் கெடக்குது” என்பார் அண்ணன்.

பத்திரப் பதிவு ஒரு வியாழக்கிழமை நடந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். பத்திரம் எழுதுபவர் நான்கு பக்க எல்லையையும் வாசித்தார். கிழக்கே ஆறு, மேற்கே அண்ணன் பாகம், தெற்கே இன்னார் பூமி, வடக்கே இன்னார் பூமி. நான் லேசுப்பட்டவள் இல்லை. மறுபடி வாசிக்கச் சொல்லி, மீட்டர் கணக்கை என் செல்போனில் போட்டுப் பெருக்கிப் பார்த்து, ஏக்கருக்கு மாற்றி, சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்தவர் ஒருத்தர், “அம்மா ரொம்பத் தெளிவுங்க” என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். முதன்முதலாக என் பெயருக்கு வந்த பூமி. தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் பையில் இருந்தன. வாய்க்கால் கரையில் தென்னை வரிசை இருப்பதால் ரோட்டிலிருந்து பார்த்தால் படுகை தெரியாது. செவ்வலைத் தாண்டி, கருமண்ணைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தில் ஏறியதும் எனக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

படுகை இல்லை. இருந்த இடத்தில் ஒரு பெரிய குழி இருந்தது. என் தோள் உயரத்துக்கு, நான்கு பக்கமும் செங்குத்தாக, பொக்லைன் பல் கீறிய தடம் சுவரில் அப்படியே இருந்தது. அடியில் மணலும் அங்கங்கே கூழாங்கல்லும். டிப்பர் இறங்கி ஏற ஒரு மூலையில் சரிவுப் பாதை போட்டிருந்தார்கள், அது மட்டும் நேர்த்தியாக இருந்தது.

வீட்டுக்காரர் பையைக் கையில் வைத்துக்கொண்டு, “தேங்காயை ஒடைக்கட்டுமா, வேண்டாமா?” என்று கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பையை அங்கேயே கீழே வைத்துவிட்டார்.

தெற்கே இருக்கும் பூமிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். வயசாளி, அப்பாவோடு பழகியவர். ஆறுதல் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“ஏனுங்கம்மணி, உங்க குழியில எங்க வரப்பு சரியுதுங்க. ரெண்டு தென்னை சாஞ்சு போச்சு. இப்படியா மண்ணெடுப்பாங்க?”

“நான் எடுக்கலீங்க.”

“பின்ன ஆரு எடுத்தது? செங்கச் சூளைக்காரங்க வந்து மாசக்கணக்கா ஓட்டுனாங்க. கேட்டதுக்கு, தங்கச்சி பாகம், அவங்க சொல்லித்தான் எடுக்கறமுன்னு சொன்னாங்களே.”

என் மண் போனதற்கு நானே ஒருத்தரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. வாசலில் சூளையிலிருந்து வந்த செங்கல் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. மாடி எடுக்கிறார்கள், பாதிச் சுவர் எழும்பியிருந்தது. எனக்கு எல்லாமே அங்கேயே விளங்கிவிட்டது. உள்ளே போய் உட்காரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தொந்தரவு, அடித்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை வந்தாலும் மூத்தவர்களிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். அன்றைக்கு அந்த ‘ங்க’ என் வாயில் கல் மாதிரி உருண்டது.

“என்ன காரியமுங்கண்ணா பண்ணி வெச்சிருக்கறீங்க?”

“எதை? ஓ, படுகையா? அது மேடும் பள்ளமுமாக் கெடந்துச்சம்மணி. வாய்க்காத் தண்ணி செரியா ஏறல. உனக்கு மட்டம் பண்ணிக் குடுத்தா நல்லதுன்னுதான். பொட்டப்புள்ள, நீ போயி ஆளு புடிச்சு எங்க அந்த வேலையெல்லாம் பண்ணுவே?”

“மட்டம் பண்றதுன்னா தோளு ஒசரத்துக்கு எடுக்கறதுங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“அப்ப பத்திரம் ஆகல. பூமி ரெண்டு பேத்துக்கும் பொதுவுதான. நானும் காசு ஒண்ணும் வாங்கல, கல்லுதான் வாங்குனேன். இந்த ஊடு யாரு ஊடு? நோம்பி நொடிக்கு நீ வந்து தங்கற ஊடுதான?”

“எனக்கு மண்ணு வேணுமுங்கண்ணா.”

அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றுகிறவர் முழி எனக்குத் தெரியும், கம்பெனியில் தினம் பார்க்கிறேன். இது அந்த முழி இல்லை. “மேல இருந்ததும் மண்ணு, கீழ இருக்கறதும் மண்ணு. அளந்து பாரு. ஒரு சென்ட் கொறஞ்சா என்னை வந்து கேளு” என்றார். அண்ணி மோர் கொண்டு வந்து நீட்டினாள். வாங்காமல் வந்துவிட்டேன். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மோரைக் குடித்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அளந்தும் பார்த்தேன். உட்பிரிவுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்ததால் சர்வேயர் வந்தார். நல்ல மனுஷன். குழிக்குள் இறங்க முடியாமல் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி வந்து, வேர்க்க விறுவிறுக்க அளந்தார்.

“அளவு ரொம்பச் சரியா இருக்குதுங்கம்மா. நாலு கல்லும் எடத்துல இருக்குது.”

“ஆழம் போச்சுங்களே சார். அதை எங்க எழுதுவீங்க?”

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். எனக்காகத்தான் புரட்டினார், அதில் ஒன்றும் இருக்காது என்று அவருக்கே தெரியும். “ஆழத்துக்கு எங்ககிட்ட கட்டம் இல்லீங்கம்மா. நீளமும் அகலமும்தான்” என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன், உடம்பு வலியில் நன்றாகத்தான் தூங்கினேன். கோபம் மறுநாள் காலையில் கம்பெனியில் வந்தது. துணி ரோல் வந்து இறங்கியது. நான் வழக்கம்போல வட்டக் கட்டரை அழுத்தித் துணியில் ஒரு வில்லை வெட்டி எடுத்து, தராசில் வைத்து, ஜிஎஸ்எம் பார்த்தேன். ஜிஎஸ்எம் என்றால் துணியின் கனம். நீளம் சரியாக இருக்கும், அகலம் சரியாக இருக்கும், ஆனால் கனம் குறைந்தால் அந்தத் துணி இரண்டு துவைப்பில் பல்லை இளித்துவிடும். இருபது வருடமாக எத்தனையோ பேர் என்னிடம் நீளத்தையும் அகலத்தையும் காட்டிக் கனத்தை மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரையும் விட்டதில்லை. ‘ரிட்டர்ன்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் என் சொந்தப் பூமியை மட்டும் செல்போனில் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை அரை நாள் லீவுக்குப் பதிலாக முழு நாள் போட்டு, போகிற வழியில் அந்த வாய்க்கால் பாலத்தில் ஒரு நிமிடம் ஏறிப் பார்த்திருந்தால் போதும். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பக்கத்து டேபிளில் இருந்த பீகார்ப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் அந்தக் குழியோடு மல்லுக்கு நின்றேன். ஆட்டுப்பட்டி போட்டால் மணலும் மண்ணாகும் என்று ஒருத்தர் சொன்னதைக் கேட்டு, மந்தைக்காரரைப் பிடித்துக் குழிக்குள் பட்டி போட்டேன். மூன்றாம் நாள் அணையிலிருந்து ஆற்றில் தண்ணீர் விட்டார்கள். ஆறு பக்கத்தில் ஓடினால் குழிக்குள் தானாகவே தண்ணீர் ஊறும், அடி அவ்வளவு கீழே போய்விட்டது. முட்டளவு தண்ணீரில் ஆடுகள் கத்த, மந்தைக்காரர் என்னைத் திட்டிக்கொண்டே ஓட்டிக்கொண்டு போனார். தண்ணீர் நிற்கிறதே, நெல்லாவது போடலாம் என்று நாற்று வாங்கினேன். ஆற்றில் தண்ணீரை நிறுத்தியதும் ஒரே நாளில் குழி காய்ந்துவிட்டது. வாய்க்காலிலிருந்து பாய்ச்சினால் மணல் அதை உறிஞ்சிக்கொண்டு ஏப்பம்கூட விடவில்லை. வேண்டாத நாளில் தண்ணீர் நிற்கும், வேண்டும் நாளில் ஒரு சொட்டு நிற்காது. நாற்று கட்டோடு கருகியது.

“மண்ணடிச்சு ரொப்பீருங்க” என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எந்த மண்ணை அடிப்பது? மேட்டுச் செவ்வலை அடித்தால் படுகையில் ஒரு சரளைக்காடு கிடைக்கும், அவ்வளவுதான். “ஆறுதான கொண்டு வந்துச்சு, ஆறே மறுக்காக் கொண்டாந்து குடுக்கும்” என்றார் ஒருத்தர். அவரை அடிக்காமல் விட்டது என் வளர்ப்பு. மேலே அணை கட்டிய நாளிலிருந்து ஆனைமலை வண்டல் முழுக்க அந்த அணைக்குள்ளேதான் படிகிறது. நம் பக்கம் வருவது வடிகட்டிய தண்ணீர். இப்போது அது எதையும் கொண்டு வந்து வைப்பதில்லை. இருந்ததுதான் இருப்பு, அதைத்தான் சூளையில் வைத்து வேக வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது மழைக்குத் தெற்குப் பூமிக்காரரின் வரப்பு மொத்தமாகச் சரிந்து குழிக்குள் விழுந்தது. ஏழெட்டுத் தென்னை போயிற்று. அவர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு மாதம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. மேற்படி புல எண்ணில் அனுமதி இன்றி மண் வெட்டி எடுத்தது சம்பந்தமாக, பட்டாதாரர் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும். பட்டாதாரர் என்று போட்ட இடத்தில் என் பெயர், இந்தத் தடவை ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லாமல்.

சிரிப்பு வந்துவிட்டது, உண்மையாகவே. வாரிசுச் சான்றிதழில் எட்டு மாதம் சரியாக எழுத வராத பெயர், திருடியவள் யார் என்று கேட்கும்போது எவ்வளவு அழகாக எழுத வந்திருக்கிறது. வீட்டுக்காரர் நோட்டீஸை இரண்டு தடவை படித்துவிட்டு, “உள்ளதைச் சொல்லீரு. அபராதம் கட்டறதுக்கு மண்ணு தின்னவன் கட்டட்டும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கூடப்பிறந்தவரைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது வேறு. அம்மா இல்லை, அப்பா இல்லை, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அவர் ஒருத்தர்தான். பன்னிரண்டு நாள் அந்தத் தபாலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருந்தேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

பதின்மூன்றாம் நாள், நோட்டீஸ் விஷயம் ஊரில் காதில் விழுந்து, அண்ணன் கம்பெனிக்கே வந்துவிட்டார். டீ நேரம். வாட்ச்மேன் கூப்பிட்டார் என்று வெளியே வந்தால், எதிரே பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் சேர்த்து டீ சொல்லிவைத்திருந்தார், சர்க்கரை கம்மியாக. என் சர்க்கரை அளவு அவருக்கு ஞாபகம் இருந்தது. சுற்றிலும் பேச்சுச் சத்தம், பாதி இந்தி, பாதி மதுரைப் பக்கத்துத் தமிழ். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

“உனக்கு எதுக்குச் செரமம்னு நானே எழுதீட்டு வந்துட்டேன். கையெழுத்துப் போட்டாப் போதும்” என்று ஒரு காகிதத்தை எடுத்தார். நல்ல கையெழுத்து அவருக்கு, பாலிடெக்னிக் கையெழுத்து. ‘ஆற்றில் ஏற்பட்ட வெள்ளப்பெருக்கினால் மேற்படி நிலத்தின் மேல்மண் அரித்துச் செல்லப்பட்டது’ என்று எழுதியிருந்தார். செங்குத்தாக வெட்டிய சுவர், பொக்லைன் பல் தடம், டிப்பர் ஏறும் சரிவுப் பாதை, எல்லாவற்றையும் ஆறு செய்ததாம். ஓர் ஊருக்கே மண் கொண்டுவந்து போட்ட ஆறு, கடைசியில் மண் திருடியது என்று பெயர் வாங்க வேண்டுமாம்.

நான் டீயைத் தொடவில்லை.

“கையெழுத்துப் போடறனுங்கண்ணா. ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பாகத்தை மாத்திக்கலாம். நீங்க படுகையை எடுத்துக்குங்க, மேட்டுக்காட்டை எனக்குக் குடுங்க. ரெண்டும் ஒண்ணே முக்காத்தான். ரெண்டும் மண்ணுதான்.”

அவர் டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்து ஓரமாகப் போட்டார்.

“அந்தக் குழியை வாங்கி வெச்சுட்டு நான் என்னம்மணி பண்றது?” என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனியில் பெல் அடித்தது. நான் அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். ‘ஆற்றில் ஏற்பட்ட வெள்ளப்பெருக்கினால்’ என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதற்கு மேலே, இனிஷியலோடு, அவருடைய பெயரை எழுதி ஓர் ‘ஆல்’ சேர்த்தேன். பிறகு கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.